கரி படிந்த சுவரும் காவி பூசிய சுவரும்

பாரிஸ் மாநகரத்துக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்தில், கண்ணுக்கெட்டிய மட்டும் கோதுமை வயல்களாய் விரிந்து கிடக்கும் போஸ் என்னும் சமவெளியில் பயணம் செய்கிறவர்களுக்கு, ஊர் கண்ணில் படுவதற்கு வெகு நேரம் முன்னதாகவே, ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு கோபுரங்கள் பயிருக்கு மேலே எழுந்து தெரியும். தெற்கே நிற்பது 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த, அலங்காரம் அதிகமில்லாத நெடுங்கூம்பு. வடக்கே நிற்பது, அங்கே இருந்த பழைய கூம்பு இடி விழுந்து எரிந்துபோன பிறகு, 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ழான் த போஸ் என்ற சிற்பி கொடியும் பூவுமாகக் கல்லிலே இழைத்து உயர்த்தியது. வயதில் இளையதாயினும் உயரத்தில் மூத்ததை விஞ்சிவிட்டது. இவ்விரண்டையும் முகப்பில் தாங்கி நிற்பதுதான் ஷார்த்ர் நகரத்து மாதா பேராலயம்.

1194-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மூண்ட பெருந்தீயில் முந்தைய ஆலயம் பெரும்பாலும் அழிந்தது. மேற்கு முகப்பும், அதன் மூன்று வர்ணக் கண்ணாடிச் சாளரங்களும், தரைக்குக் கீழுள்ள நிலவறைக் கோயிலும் தப்பின. அன்னை மரியாளின் ஆடையென்று மக்கள் போற்றி வந்த திருப்பண்டமும் சேதமின்றிக் கிடைத்தது. அதை அன்னையின் கட்டளையாகவே கருதிய ஊரார் உடனே வேலையைத் தொடங்க, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் இன்றைய ஆலயத்தின் பெரும்பகுதி எழுந்துவிட்டது. ஒன்பதாம் லூயி மன்னனின் முன்னிலையில் 1260-இல் அபிஷேகமும் நடந்தது. ஐரோப்பாவின் பேராலயங்கள் பல, தாத்தா தொடங்கியதைப் பேரனும் முடிக்காமல் விட்டுப்போன கதையுடையவை. அவற்றின் நடுவே இது ஒரே மூச்சில் கட்டப்பட்டதால், அடி முதல் முடி வரை ஒரே மனம் யோசித்தது போன்ற ஒருமைப்பாடு இதற்கு வாய்த்தது. 1979-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்ததற்கும் இந்த ஒருமைப்பாடு ஒரு காரணம்.

இத்தகைய ஆலயத்தின் உட்புறத்தைச் சுத்தம் செய்து, அதன் ஆதி வர்ணத்தை மீட்டுத் தருவதென்று பிரெஞ்சு அரசாங்கம் முடிவு செய்து, 2009-இல் வேலையைத் தொடங்கியபோது, அது உலக முழுவதும் கலைஞர்களையும் சரித்திர ஆசிரியர்களையும் இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டது. பழைய கட்டடத்துக்கு வர்ணம் பூசுவதைப் பற்றி நாம் பொதுவாக நினைப்பது என்ன? சுவரைச் சுரண்டு, பூச்சுப் பூசு, வர்ணத்தை அடி என்ற அளவில் அது கொத்தனாருடைய விவகாரம். ஷார்த்ரில் நடந்ததைக் கவனித்தால், எந்தக் காலத்துக்கு மரியாதை செய்வது, எந்தக் காலத்தைத் துடைத்தெறிவது என்ற வழக்கை அந்தத் தூரிகையே தீர்த்து வைக்கிறது என்பது விளங்கும்.

முதலில் இருட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்ற நூற்றாண்டில் அங்கே போனவர்கள் பலரும், வாசலைத் தாண்டியவுடன் ஒரு கணம் ஒன்றும் புலப்படாமல் நின்றதைத்தான் எழுதியிருக்கிறார்கள். எண்ணெய் விளக்கின் புகை படிந்த நம் ஊர்க் கருவறைகளின் சுவரைக் கண்டவர்களுக்கு, அந்தச் சுவர்களின் தோற்றத்தை எளிதில் கற்பனை செய்துகொள்ள இயலும். ஏழு நூற்றாண்டுகளாக ஏற்றிய மெழுகுவத்திகளும் எண்ணெய் விளக்குகளும் விட்ட கரி ஒரு பக்கம். 1836-இல், மரங்களின் அடர்த்தியால் காடு என்றே பேர் பெற்றிருந்த கூரைச் சட்டகம் முழுவதும் பற்றியெரிந்தபோது எழுந்த புகை ஒரு பக்கம். குளிர்காலத்துக்காகப் பிற்காலத்தார் வைத்த கணப்புகளின் புகை வேறு. எல்லாம் சேர்ந்து, 37 மீட்டர் உயரத்திலுள்ள கல் விதானம் வரையில் ஒரே கருஞ்சாம்பல் நிறமாகிவிட்டது. எரிந்த மரக்கூரைக்குப் பதிலாக இரும்புச் சட்டகமும் செப்புத் தகடும் போட்டார்கள். உள்ளே படிந்த கரியை யாரும் தொடவில்லை.

அந்த இருட்டிலேயே ஒரு பெரும் சௌந்தரியம் விளைந்தது என்பதையும் மறுக்கலாகாது. இருளில் நிற்கும்போது கண்மணி விரிந்துகொள்கிறது. அந்த விரிந்த கண்ணுக்குச் சாளரக் கண்ணாடியின் நீலமும் சிவப்பும், சூழ்ந்த சுவர் என்று ஒன்று இல்லாதது போல, அந்தரத்தில் தொங்கும் ரத்தினக் குவியலாகத் தெரியும். 176 சாளரங்களிலே, சுமார் 2,600 சதுர மீட்டர் பரப்புக்கு, பெரும்பாலும் 12, 13-ஆம் நூற்றாண்டுகளின் கண்ணாடியே இன்னும் மிஞ்சியிருக்கும் ஆலயம் இது; அந்தக் கண்ணாடியைத் தேடி வந்தவர்கள் அந்த இருட்டையும் அதன் அங்கமாகவே எண்ணினார்கள். 1898-இல் வெளிவந்த உய்ஸ்மான்ஸ் என்ற பிரெஞ்சு ஆசிரியரின் நாவல் ஒன்று முழுக்க முழுக்க இவ்வாலயத்தைச் சுற்றியே நடக்கிறது. மத்திய காலத்துப் பக்தியென்றால் மங்கலான வெளிச்சமும் கறுத்த கல்லும் என்ற எண்ணம் இவ்விதமாகவே படித்தவர்களின் மனத்தில் வேரூன்றிப் போயிற்று.

கறுத்தது கல்லே அல்ல என்பதுதான் விசேஷம். கட்டடத்துக்கான கல் அருகிலுள்ள பெர்ஷேர் என்னும் ஊரில் வெட்டியெடுத்தது; மிகவும் கடினமானது, பாரம் தாங்குவதில் நிகரற்றது, ஆனால் குழியும் பொத்தலுமாகக் கரடுமுரடான முகம் உடையது. அப்படிப்பட்ட முகத்தை அப்படியே வெளியே காட்டிவிட 13-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகளுக்கு மனம் வரவில்லை. உட்சுவர் முழுவதற்கும் மெல்லிய சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன் மேல் மஞ்சட்காவி கலந்த சுண்ணத்தை ஓட்டி, அந்தக் காவிப் பரப்பின் மேல் வெள்ளைக் கோடுகளால், ஒரே அளவாக வெட்டி அடுக்கிய கற்கள் போல வரி வரியாகக் கட்டம் எழுதினார்கள். தூண் கொத்துகளையும், விதானத்தைத் தாங்கும் வளைவுகளையும் வெளிர் நிறமாகவே விட்டார்கள். வளைவுகள் உச்சியில் வந்து கூடும் இடத்திலுள்ள முடிச்சுக் கற்களுக்கு மட்டும் பல வர்ணங்களும் பொன் பூச்சும் இட்டார்கள்.

சாரத்தின் மேல் ஏறிச் சுவருக்கு ஒரு முழத் தொலைவில் நின்று பார்த்தால், இந்த வேலையின் விசித்திரம் தெளிவாகும். பூச்சு உதிர்ந்த இடங்களில் அடியிலுள்ள உண்மையான கல்லின் சேர்மானம் தெரிகிறது. வர்ணத்தில் எழுதிய கல்லின் சேர்மானம் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் வேறோர் இடத்தில் ஓடுகிறது. நிஜக் கற்கள் ஒன்று நெட்டையும் ஒன்று குட்டையுமாக இருக்க, எழுதிய கற்களோ ஒரே வரிசை, ஒரே அளவு. கல்லால் கட்டிய சுவருக்கே கல் வேஷம் போட்டிருக்கிறார்கள்! இதைப் பொய் என்று தள்ளிவிடத் தோன்றலாம். ஆனால் அக்காலத்துச் சிற்பிக்கு ஆலயம் என்பது திருவெளிப்பாட்டு நூலில் வருணிக்கப்படும் பரலோக எருசலேமின் நிழல். அந்நகரத்தின் கற்கள் குழிவிழுந்தவையாக இருக்க முடியுமா? மனிதன் கட்டியது எப்படியிருந்ததோ அதை மறைத்து, எப்படியிருந்திருக்க வேண்டுமோ அதை மேலே எழுதிக் காட்டினான் என்பதே இதற்கு நான் கொள்ளும் பொருள்.

இந்தப் பூச்சு முழுவதும் மறைந்து போகாமல் கரிக்குள் புதைந்திருக்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்து 1989-இல் எழுதியவர் யுர்கென் மிஹ்லர் என்ற ஜெர்மானியக் கலைச் சரித்திர ஆசிரியர். அது பிழைத்திருந்ததற்குக் காரணம் சுண்ணாம்பின் குணம். சுட்ட சுண்ணாம்புக்கல்லை நீரில் நீற்றிக் களியாக்கிச் சுவரில் பூசினால், அது உலர்வதோடு நிற்பதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு, சூளைக்குப் போவதற்கு முன் இருந்த அதே கல்லாக மறுபடியும் இறுகிவிடுகிறது. அதனோடு கலந்த காவி அதனுள்ளேயே சிறைப்பட்டுப் போகிறது. எண்ணெய் வர்ணத்தைப் போல மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் ஆடையன்று அது, சுவரின் தோல். கரியோ அதன் மேலே வந்து குந்திய அயல் பொருள். ஆகவே தோலைக் கிழிக்காமல் அழுக்கை எடுப்பது கடினமானாலும் இயலக் கூடியதே.

பத்ரீஸ் கால்வெல் என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் நடந்த பணி, ஆலயத்தை மூடாமல், பகுதி பகுதியாகச் சாரம் கட்டி, பீடத்தைச் சுற்றிய பகுதியில் தொடங்கி நடுக்கூடத்தை நோக்கி நகர்ந்தது. இவ்வகை வேலையில் அவசரத்துக்கு இடமே கிடையாது. தளர்ந்த தூசியை மெல்லிய தூரிகையால் தட்டி உறிஞ்சியெடுப்பது, ஒட்டிப்போன கரியை ஈரக் கூழால் பற்றுப் போட்டு ஊறவைத்து எடுப்பது, அதற்கும் மசியாததை நுண்ணிய பொடியை மிகக் குறைந்த விசையில் ஊதித் தேய்ப்பது, சுவரை விட்டுக் கழன்று நிற்கும் பூச்சின் பின்னால் சுண்ணக் குழம்பை ஊசியால் செலுத்தி மறுபடி ஒட்டவைப்பது என்று, ஒரு சாண் பரப்புக்கு வைத்தியம் போலவே காரியம் நடக்கும். பழைய பூச்சு அடியோடு போய்விட்ட இடங்களில் அதே சுண்ணமும் அதே காவியுமாகப் புதிதாகப் பூசி, வெள்ளைக் கோடுகளையும் தொடர்ந்து எழுதினார்கள். இங்கேதான் சண்டையின் வித்து இருக்கிறது: தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறவருக்கு, 13-ஆம் நூற்றாண்டுக் கை எங்கே முடிகிறது, 21-ஆம் நூற்றாண்டுக் கை எங்கே தொடங்குகிறது என்று கண்டுகொள்ள வழியில்லை.

பீடத்துப் பகுதியில் இன்னொரு சங்கடமும் குறுக்கிட்டது. 18-ஆம் நூற்றாண்டில், மத்திய காலத்துக் கலையைக் காட்டுமிராண்டித்தனம் என்று எண்ணிய காலத்தில், ஆலயக் குருமார் தங்கள் ரசனைக்கு ஏற்ப அவ்விடத்தை மாற்றிவிட்டார்கள். தூண்களுக்குப் பளிங்கு போன்ற சுதை வேலை செய்தார்கள். வெளிச்சம் போதவில்லையென்று பழைய வர்ணக் கண்ணாடிகள் சிலவற்றைப் பெயர்த்துவிட்டு வெற்றுக் கண்ணாடி போட்டார்கள் (இதற்காக அவர்களை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை). ப்ரிதான் என்ற சிற்பியைக் கொண்டு, அன்னை விண்ணுக்கு எழுந்தருளும் மாபெரும் பளிங்குச் சிற்பத்தை 1773-இல் பீடத்தின் பின்னே நிறுவினார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது இதை உடைக்க வந்தவர்களிடம், அன்னையின் தலையில் புரட்சிக்காரரின் சிவப்புக் குல்லாயை மாட்டிவிட்டால் அவளும் நம்மவளே என்று ஒருவர் யோசனை சொல்லிக் காப்பாற்றியதாக ஒரு கதையுண்டு. இப்போது பணி செய்தவர்கள் என்ன செய்வது? 13-ஆம் நூற்றாண்டே சத்தியம் என்றால் சுதைப் பளிங்கையெல்லாம் பெயர்த்தெறிய வேண்டும். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கீழே 18-ஆம் நூற்றாண்டுப் பளிங்கு வேலையைத் துலக்கி வைத்து, மேலே 13-ஆம் நூற்றாண்டுக் காவியை மீட்டார்கள். எந்தக் காலத்திலும் ஒருசேர இப்படி இருந்திராத ஒரு தோற்றம் அது என்று எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் ஒரு காலத்தார் மனமறிந்து செய்த வேலையை, அது நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அழிப்பது அடாது என்ற முறையையே அவர்கள் பின்பற்றினார்கள் என்று நான் கருதுகிறேன்.

கண்ணாடியைப் பற்றிய சச்சரவு இதற்கும் முந்தியது. 1970-களில், 1194-இன் தீக்குத் தப்பிய மேற்குச் சாளரங்கள் மூன்றையும் சுத்தம் செய்து, வெளிப்புறத்தில் ஒருவகைச் செயற்கைப் பிசினைப் பூசியபோது, மனேசியே, பசேன் முதலான ஓவியர்கள், உலகப் பிரசித்தமான ஷார்த்ர் நீலம் போய்விட்டது என்று பெருங்குரல் எழுப்பினார்கள். அந்த நீலத்தின் ரகசியம் கொஞ்சம் ரசாயனமும் ஆகும். மரச் சாம்பலைச் சேர்த்து உருக்கிய கண்ணாடி மழையிலும் பனியிலும் அரித்துப் பொருக்குத் தட்டிப் போகும். 12-ஆம் நூற்றாண்டு நீலமோ சோடா உப்புக் கலந்த கண்ணாடி, காலத்தை எதிர்த்து நிற்பது. ஆகவே பக்கத்திலுள்ள சிவப்பும் பச்சையும் அழுக்கேறி மங்கிய பிறகும் நீலம் மட்டும் மங்காமல் நின்று, தன் பங்குக்கு மேலேயே ஒளி வீசியது. சுத்தம் செய்தவுடன் மற்ற வர்ணங்களும் விழித்துக்கொள்ளவே, நீலம் தன் ஏகாதிபத்தியத்தை இழந்தது. அதைத்தான் சிலர் இழப்பு என்று கண்டார்கள். பின்னாளில் பிசின் பூச்சைக் கைவிட்டு, மூலக் கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் காப்புக் கண்ணாடி ஒன்றை அமைத்து, மழையும் குளிரும் அதன் மேலேயே விழும்படி செய்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சாளரங்கள் யாவற்றையும் கழற்றிப் பத்திரப்படுத்தி, பிறகு திரும்பவும் பொருத்திய நாடு அது. கண்ணாடி விஷயத்தில் அவர்களுக்குப் பொறுமையைக் கற்பிக்க வேண்டியதில்லை.

2014 டிசம்பரில் மார்ட்டின் ஃபில்லர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலை விமரிசகர் நியூயார்க் ரெவ்யூ ஆஃப் புக்ஸ் பத்திரிகையின் மூலம் இந்தக் காவிப் பூச்சை மிகக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஜெஃப்ரி ஹாம்பர்கர், மேடலின் கேவினெஸ் என்ற மத்திய காலக் கலை நிபுணர்கள் இருவர் பணிக்கு ஆதரவாகப் பதில் எழுதினார்கள். எதிர்ப்புக் கட்சியின் கையில் இருந்த பிரதான ஆயுதம், பழைய சின்னங்களைப் பாதுகாப்பதற்கென்று 1964-இல் உலக நிபுணர்கள் கூடி வகுத்த வெனிஸ் சாசனம்: ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களின் பங்கையும் மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குத் திருப்புவது லட்சியமாகாது, புதிதாகச் சேர்ப்பது பழையதினின்று வேறு தெரிய வேண்டும் என்பவை அதன் விதிகளிற் சில. சுவர்கள் வெளிறிவிட்டதால் கண்ணாடியின் ஜொலிப்புக் குன்றிவிட்டது என்ற ரசிகர்களின் ஆட்சேபமும் அதனுடன் சேர்ந்துகொண்டது.

கண்ணாடியைப் பற்றிய அந்த ஆட்சேபம் பாதி உண்மை. வெளிர் சுவர் ஒளியைத் திருப்பியடிக்கிறது, கண்மணி சுருங்குகிறது, சாளரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வேற்றுமை குறைகிறது; இதில் தர்க்கத்துக்கு இடமில்லை. ஆனால் தீக்குத் தப்பிய பழைய சாளரங்கள் நீங்கலாக, மற்றச் சாளரங்களைச் செய்தவனும் சுவருக்குக் காவி தீட்டியவனும் ஒரே காலத்தவர்கள், ஒரே கட்டடத்தில் கூலி வாங்கியவர்கள். அந்தக் காவிச் சுவரின் நடுவே பார்ப்பதற்காகவே அந்த நீலமும் சிவப்பும் அமைந்தன. மஞ்சள் சுவருக்கு எதிரே நீலம் எப்படி நிற்கும் என்பதை நிச்சயித்துக்கொண்டுதான் அவர்கள் கண்ணாடியை உருக்கியிருப்பார்கள் என்று எண்ணுவதே நியாயம். காலத்தின் பங்கை மதிக்க வேண்டும் என்ற சாசன விதியைக் கரிக்குப் பொருத்துவதும் எனக்கு உடன்பாடில்லை. ப்ரிதானின் பளிங்குக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான், ஓர் எண்ணம் இருக்கிறது. விதானத்துக் கரிக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? வேண்டுமென்று யாரும் அதைப் பூசவில்லை. பூசியிருந்ததை அது மூடியது, அவ்வளவுதான். புதிய பூச்சைப் பழையதிலிருந்து பிரித்துணர முடியாமல் செய்ததுதான் குறை. சிறிது நிற வேற்றுமை காட்டி விட்டிருக்கலாம்.

இவ்வளவு தூரம் பணிக்காரர்களோடு ஒத்துவரும் நான், ஓரிடத்தில் மாத்திரம் அவர்களை விட்டுப் பிரிய வேண்டியிருக்கிறது. ஆலயத்தின் வடபுறத்தில், ஒரு தூணின் மேல், குழந்தை இயேசுவை ஏந்தி வீற்றிருக்கும் மாதாவின் மரச் சிற்பம் ஒன்று உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கியது; தூண் மாதா என்பது அதன் பெயர். அன்னையின் முகமும் குழந்தையின் முகமும் கருநிறமாக இருந்ததால், கறுப்பு மாதா என்று தலைமுறை தலைமுறையாக மக்கள் வணங்கி வந்தார்கள். 1912-இல் ஷார்ல் பெகி என்ற கவிஞர் தம் மகனின் நோய் தீர்ந்ததற்கு நன்றியாகப் பாரிஸிலிருந்து கால்நடையாகவே ஷார்த்ருக்கு யாத்திரை வந்தது பிரசித்தம். அவர் வழியைப் பின்பற்றி மாணவர்கள் கூட்டங் கூட்டமாக நடந்து வருவது வழக்கமாயிற்று. அப்படி வந்தவர்கள் மெழுகுவத்தி ஏற்றி முழங்காலிட்டதெல்லாம் அந்தக் கறுத்த முகத்தின் முன்னேதான். ஆலயப் பணியோடு இச்சிற்பத்தையும் ஆராய்ந்தவர்கள், அடியில் வெளிர்நிற வர்ணம் இருப்பதைக் கண்டு, அதையே ஆதி ரூபமென்று கொண்டு, மாதாவுக்கு வெண்சிவப்பு முகம் தந்து திரும்ப எழுந்தருளச் செய்தார்கள். தங்கள் கறுப்பு மாதா எங்கே என்று கேட்டவர்களுக்கு, ஆராய்ச்சி முடிவுகளே பதிலாகக் கிடைத்தன.

கரியைத் துடைத்தது சரி, கறுத்த முகத்தை மாற்றியது தவறு என்பது முரணல்லவா என்று கேட்கலாம். சிற்பத்தின் கருமை புகையால் வந்திருந்தாலும் தூரிகையால் வந்திருந்தாலும், அதை அப்படியே ஏற்று, பெயர் வைத்து, நேர்ச்சை செலுத்தியவர்கள் இருந்தார்கள். விதானத்து இருட்டை ரசித்தவர்கள் உண்டு. அதற்கு யாரும் மெழுகுவத்தி ஏற்றவில்லை. பீடத்தருகே 18-ஆம் நூற்றாண்டின் சுதைப் பளிங்கை, அது பிற்காலத்தாரின் மனமறிந்த செயல் என்பதற்காக விட்டு வைத்த அதே கைகள், மக்களின் பக்தியில் ஊறிய இந்தக் கருமைக்கு அந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை. தூசியைத் தட்டி, மரத்தை உளுத்துப் போகாமல் காத்து, அடியிலுள்ள வர்ணத்தின் விவரத்தைச் சித்திரங்களோடு நூலாக வெளியிட்டுவிட்டு, முகத்தை முகமாகவே விட்டிருக்கலாம். ஆதி நிறத்தை அறிய விரும்புகிறவர்கள் அந்த நூலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.